அப்பா லேட்டு

ஜீப் வருவதற்குள் பரசுராமன் தன்னைத் தன் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவனுக்கு வார லீவு. கொடியில் கிடந்த இரண்டு லுங்கி, காக்கிச் சட்டை, கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த ரேசர், பீடிக்கட்டு, கம்பெனியில் கொடுத்த முனை தேய்ந்த ஷூ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மஞ்சள் பைக்குள் திணித்தான். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் ஒரு ஆம்பளையின் சாமான் மொத்தமும் ஒரே பையில் அடங்கிவிட்டதைப் பார்க்க அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. சைக்கிளை முந்தின நாளே தெருக்கோடி ரைஸ்மில்லில் கொண்டுபோய் விட்டாயிற்று. பாக்கி இருந்தது சுவரில் தொங்கிய கல்யாண போட்டோ. செத்தவன் போட்டோ என்றால் அதற்கு ஒரு மாலை போட்டாக வேண்டும், பொட்டு வைத்தாக வேண்டும். கிளியம்மாள் மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் திருப்பி வைத்தாள்.

பிறகு கண்ணாடி முன்னால் நின்று நெற்றியில் எண்ணெய் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெட்டியைக் கழற்றினாள். இரண்டாம் விரலில் வெளுத்த வளையம் தெரிந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பொழுது விடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவள். பரசுராமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பையின் வாயைக் கட்டினான். கட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கட்டினான்.

"கேட்டா இன்னா சொல்லுவ?" என்று மகளைக் கேட்டாள் கிளியம்மாள்.

"அப்பா இல்ல."

"எத்தினி வருசமா?"

"ரெண்டு."

"தலைய குனிஞ்சிக்கினு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

செந்தாமரை தலையைக் குனிந்து இன்னொரு தரம் சொல்லிக் காட்டினாள். ஒன்பது வயது. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது காலைக் கையால் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற அதே குரல். தப்பில்லாமல் சொன்னாள்.

பரசுராமன் செத்த கதை சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டிய கதைதான். ஸ்ரீபெரும்புதூரில் பிள்ளைகளுக்கு உதவி செய்கிற ஒரு சங்கம் இருந்தது. ஊரில் எல்லோரும் அதை சென்டர் என்பார்கள். பொங்கல் கழிந்த கையோடு அங்கிருந்து ஷெர்லின் என்கிற பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்து, உடம்புக்கு முடியாத பிள்ளைகளை எல்லாம் வரிசையில் உட்காரவைத்துப் படிவம் எழுதினாள். செந்தாமரையின் முறை வந்தது. பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், அப்பா பேர் கேட்டு எழுதிக்கொண்டாள். "அப்பா எப்படிம்மா?" என்று கேட்டாள். "அப்பா லேட்டு" என்றது பிள்ளை. அந்த வீட்டில் தினமும் புழங்குகிற வார்த்தை அது. தண்டலத்துக்கு இந்தப் பக்கம் ஹைவே ஓரத்துக் காஸ்டிங் கம்பெனியில் பரசுராமனுக்கு கான்ட்ராக்ட் வேலை. கேட்டுக்குள் நுழைய ஐந்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் சம்பளம் போச்சு. ஓ.டி. பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர எந்நாளும் லேட்டு. பாவம், ஷெர்லினுக்குத் தெரிந்த லேட்டு வேறு. கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பேருக்கு முன்னால் அடைப்புக்குள் போடுகிறார்களே, அந்த லேட்டு. பிள்ளை காலைப் பார்த்தபடி சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்து, கண் கலங்கி, ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பரசுராமனுக்கு முன்னால் 'லேட்' என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் சென்டரில் முதல் கூட்டத்துக்குப் போன கிளியம்மாளை விதவைப் பெண்கள் வரிசையில் உட்காரச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். பரசுராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "செத்தவனுக்கு சோறு போடுவியா, இல்ல காக்காவுக்கு வைப்பியா?" என்று தட்டை நீட்டினான். சிரித்து முடித்ததும், அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருவருமே பேசிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு டாக்டர் வந்தார். காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பத்து வயதுக்குள் ஆபரேஷன் செய்து, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டால் தானே நடப்பாள், தாண்டிவிட்டால் கஷ்டம் என்றார். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் செலவு முழுவதும் சென்டருடையது. அன்றைக்குக் கிளியம்மாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், சொன்னாயா என்று பரசுராமன் கேட்கவில்லை. ஏழு மாதமாகக் கேட்கவில்லை. உயிரோடு இருந்து ஓ.டி.க்கு மேல் ஓ.டி. பார்த்துத் தன்னால் முடியாததை, செத்துப்போய் ஒரு நொடியில் முடித்துவிட்டோம் என்பதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஃபர்னஸ் முன்னால் நின்று வேர்வை துடைக்கும்போது அது ஞாபகம் வரும். வந்தால், பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

இன்றைக்கு சென்டரின் மெட்ராஸ் ஆபீசிலிருந்து ராஜாமணி மேடம் வருகிறார். எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது, தகப்பன் இறந்த சர்டிபிகேட் மட்டும் இல்லை. மேடம் நேரில் பார்த்துச் சரி என்றால்தான் ஆபரேஷன். செந்தாமரைக்குப் பத்து முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

"கௌம்புய்யா. நாழியாவுது" என்றாள் கிளியம்மாள், அவனைப் பார்க்காமல்.

ஏரிக்கரை முள்ளுக்காட்டில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பீடி பற்றவைத்து முழுசாக இழுக்கவில்லை, சைக்கிளில் போன கான்ஸ்டபிள் ஒருவர் இறங்கிவிட்டார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் பையோடு ஒதுங்கி நிற்கிற ஆள் என்றாலே போலீசுக்கு ஆகாது. ஊர்ப் பேரைச் சொன்னாலே மெட்ராசில் வாடகைக்கு வீடு கொடுக்க யோசித்த சமயம்.

"பையில இன்னா?"

"துணி சார்."

கான்ஸ்டபிள் பையைக் கவிழ்த்தார். லுங்கி, சட்டை, ரேசர், ஷூ எல்லாம் மண்ணில் விழுந்தன. லத்தி முனையால் கிளறிப் பார்த்தார்.

"எந்த ஊருடா? எங்க போற?"

"இந்த ஊருதான் சார். வூட்ல சண்ட."

"பொண்டாட்டி தொரத்திட்டாளா?" கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கெல்லாம் ஒளிஞ்சிக்கினு ஒக்காராத. மெயின் ரோட்டுக்குப் போ. நாலு பேரு கண்ணுல படற மாதிரி நில்லு."

மண்ணைத் தட்டித் துணியைப் பொறுக்கிக்கொண்டு பரசுராமன் ரோட்டுக்கு வந்து, வல்லம் போகிற பாதை பிரிகிற இடத்தில், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி நின்றான். முதலில் பட்டது ஜீப்பின் கண்ணில்தான்.

முன் சீட்டிலிருந்து கண்ணாடி போட்ட பெண் தலையை நீட்டினாள். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் ஃபைல். கிளியம்மாள் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பழகிய முகம், ஷெர்லின். நாற்பது ஊருக்கு ஒரே ஆளாக பஸ்ஸில் அலைகிறவள், அவர்கள் வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை.

"அண்ணா, கிளியம்மாள் வீடு எந்தப் பக்கம்? வீட்டுக்காரர் தவறிட்டாரு. கால் முடியாத பொண்ணு ஒண்ணு இருக்கு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஜீப் வழி தவறிப் போய்விட்டால் என்ன செய்வது என்கிற ஒரே பயம்தான் அவனுக்கு வந்தது. கையை நீட்டி வழி சொன்னான். ரைஸ்மில், அப்புறம் இடது கை, அப்புறம் வேப்ப மரம். டிரைவருக்குப் புரியவில்லை. "ஏறிக்குங்களேன், காட்டிட்டு எறங்கிடலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஐம்பது வயதிருக்கும், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, அலட்டல் இல்லாத முகம். ராஜாமணி மேடம் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார். தன் வீட்டுக்கு வழி காட்ட, பரசுராமன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அந்தம்மா வீட்டுக்காரர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்படி செத்தாரு?"

இத்தனை மாதமாகச் செத்துக் கிடக்கிறோமே, எப்படிச் செத்தோம் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. குடித்தா, காய்ச்சலா, கிணற்றில் விழுந்தா? அவள் ஏதாவது சொல்லி வைத்திருப்பாள். இவன் வேறு ஒன்றைச் சொன்னால் பிள்ளையின் கால் போச்சு.

"அத அவங்கள கேட்டாதாங்க..." என்று இழுத்தான்.

மேடம் தலையாட்டினார். ஒரு பெண்ணின் துக்கத்தை அடுத்தவன் சொல்வது மரியாதை இல்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "குடும்பத்த நல்லா பாத்துக்கிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்துக்கினாருங்க. முடிஞ்ச வரிக்கும்." ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "பத்தலிங்க" என்றான். தன்னைப் பற்றித் தன் வாயால் அவன் சொன்ன முதல் உண்மை அது. சொன்னதும் காது மடல் சுட்டது.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது கும்பிட்ட கையோடு வெளியே வந்த கிளியம்மாள், பின்பக்கமிருந்து அவன் இறங்குவதைப் பார்த்தாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது. "இந்த அண்ணாதான் வழி காட்டினாரு" என்றாள் ஷெர்லின்.

கிளியம்மாள் கும்பிட்ட கையை அவன் பக்கமும் திருப்பினாள். "வாங்கண்ணே" என்றாள்.

வாங்கண்ணே என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் பேரைக்கூட ஒரு தரம் சொன்னதில்லை அவள். ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். அந்த வாய் அண்ணே என்றது. சொன்ன பிறகு அவளுக்கே முகம் கறுத்துவிட்டது. தெரு கேட்டிருக்குமோ என்று பரசுராமன் சுற்றிப் பார்த்தான். எதிர் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் என்பார்களே, அது பிளக்காது. வாசற்படிக்கு வெளியே, காலை வைக்காமல் நின்றுகொண்டான்.

உள்ளே மேடம் பாயில் உட்கார்ந்து செந்தாமரையின் காலைத் தடவிக் கொடுத்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். சர்டிபிகேட் பற்றிப் பேச்சு வந்தது. கிளியம்மாள் கிராம அதிகாரியைப் பற்றி ஏதோ முனகினாள். மேடம் கையை உயர்த்தினார். "வேண்டாம்மா. அதுக்கு நீங்க அலைஞ்சது போதும். ஊர்க்காரங்க ஒருத்தர் சாட்சி போட்டா நான் ஏத்துக்குவேன்." வாசல் பக்கம் திரும்பினார். "நீங்க போடுறீங்களா? அவரத் தெரியும்னீங்களே."

ஷெர்லின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். படிவத்தை நீட்டினாள். "மேற்படி லேட் பரசுராமன் என்பவர் காலமானது எனக்கு நேரில் தெரியும்" என்று தமிழில் தட்டச்சு செய்திருந்தது. எட்டாவது வரை படித்தவன். மாதா மாதம் சம்பள ரிஜிஸ்டரில் வாலை நீட்டிக் கையெழுத்துப் போடுகிறவன். அந்தக் கையெழுத்தை இதில் எப்படிப் போடுவது?

"கைநாட்டுதாங்க" என்றான்.

"பரவாயில்ல. பேரு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

உலகத்தில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன. ஒன்றுகூட வாயில் வரவில்லை. கிளியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சுப்பன் மாமா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

செந்தாமரைதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு அண்ணன் என்றால் தனக்கு மாமா என்று தானே கணக்குப் போட்டு, மாமாவுக்கு ஒரு பேரும் வைத்துவிட்டாள். சுப்பன் ரைஸ்மில் வண்டி மாட்டின் பேர். மகளின் சாமர்த்தியத்தில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்கே வெட்கமாகவும் இருந்தது. ஷெர்லின் மைப்பெட்டியைத் திறந்தாள். தான் செத்துப்போனதைத் தான் நேரில் பார்த்ததாகப் பரசுராமன் இடது கட்டை விரலை அழுத்தி வைத்தான்.

மேடம் கீழே கையெழுத்துப் போட்டார். அதோடு முடியவில்லை. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு பெட் காலியாகிறது, இப்போதே ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டால் திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார். கிளியம்மாள் அழுதுகொண்டே இரண்டு சேலையை மடித்தாள். வாசலில் சாக்கடைத் திண்டு. பிள்ளையால் தாண்ட முடியாது. "அண்ணா, கொஞ்சம் தூக்கி வச்சிடுங்களேன்" என்றாள் ஷெர்லின்.

பரசுராமன் குனிந்து மகளைத் தூக்கினான். அவள் எந்நாளும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாடையில் தலையால் முட்டுகிறவள். இன்றைக்கு இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு, உடம்பை விறைத்துக்கொண்டு, வேற்று ஆள் தூக்கினால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் மறந்துவிடாமல் இருந்தாள். அவன் கைதான் மறந்துவிட்டது. சூம்பிய கால் தொங்கினால் அவளுக்கு இடுப்பில் வலிக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே முழங்காலுக்கு அடியில் போய், பாதத்தைத் தாங்கி, தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

சீட்டில் உட்காரவைத்து நிமிர்ந்தபோது ஷெர்லின் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பார்த்தாள். பிள்ளையின் தாடையைப் பார்த்தாள், பிறகு அவன் தாடையை. ஜீப் படியில் ஏறிய கிளியம்மாளின் கால் விரலில் வெளுத்திருந்த வளையத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. ஃபைலைத் திறப்பாள், மேடத்தைக் கூப்பிடுவாள் என்று பரசுராமன் காத்திருந்தான்.

"நீங்களும் வாங்க அண்ணா" என்றாள் ஷெர்லின், வெளியே எங்கேயோ பார்த்தபடி. "ஆஸ்பத்திரியில தூக்கி எறக்க ஆள் வேணும். மாத்துத் துணிதான் கையிலயே இருக்குதே."

நாளைக்கு ஷிஃப்ட் போனால் போகட்டும் என்று ஏறிவிட்டான். எதிரும் புதிருமான சீட்டில் ஒரு பக்கம் மேடம், கிளியம்மாள், ஓரத்தில் பிள்ளை. இந்தப் பக்கம் அவனும் பையும். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஜீப் ஹைவேயில் ஏறியது. அப்புறம் மேடம் கிளியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி தவறினாருன்னு நான் கேக்கவே இல்ல."

கிளியம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவனுடைய கம்பெனிக்கு ஒரு மைலுக்கு முன்னால், ரோடு வளைகிற இடத்தில், கையை நீட்டினாள்.

"இங்கதாங்க."

மேடம் டிரைவரை நிறுத்தச் சொன்னார்.

"ஓ.டி. முடிச்சிக்கினு வந்தாரு. சைக்கிள்ல லைட்டு கெடையாது. வாங்கலாம் வாங்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு. பின்னால வந்த லாரி நிக்காம பூட்ச்சி." குரலில் தடுமாற்றமே இல்லை. "நான் சோத்த வச்சிக்கினு ஒக்காந்துகினுகீறேன். ஒம்போதாவுது, பத்தாவுது. நாயி கொலச்சா எழுந்து போயி பாக்குறேன். அவரு இல்ல. எப்பவும் லேட்டுதானேன்னு திரும்பி வந்து ஒக்காருறேன்."

தோள் குலுங்கியது. சென்டரில் உட்கார்ந்து ஜோடித்த கதை இல்லை இது என்று பரசுராமனுக்குத் தெரிந்தது. தினமும் அவன் சைக்கிள் சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் மனசால் இந்த வளைவில்தான் வந்து நின்றிருக்கிறாள். இடம்கூடக் குறித்து வைத்திருக்கிறாள். அவனோ, சோறு ஆறிப்போச்சு என்று எத்தனை நாள் தட்டைத் தள்ளியிருக்கிறான். இப்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து அழுகிறாள், அண்ணனாகப்பட்டவன் கையை நீட்டித் தொட முடியாது. மேடம்தான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் அவருக்காக வேண்டிக்குவோம்" என்றார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். முன் சீட்டிலிருந்து திரும்பியிருந்த ஷெர்லின் தலையைக் குனிந்தாள். அவள் உதடு அசையவில்லை. கிளியம்மாள் காட்டிய இடத்தில் ஒரு சின்ன மதகு, கொஞ்சம் எருக்கஞ்செடி, காகிதத்தைத் தின்கிற ஒரு ஆடு. ஒரு லாரி கடந்து போனதில் ஜீப் மொத்தமும் ஆடியது. பரசுராமன் செருப்பைக் கழற்றிவிட்டு, மை காயாத விரலோடு கையைக் கூப்பினான். எதிரே கண்ணை இறுக்கி மூடியிருந்த செந்தாமரை, ஒரு கண்ணை மட்டும் திறந்து, அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.